ரப்பர் மூஞ்சி: எம்ஜிபி காரின் உடலும் 'அசல்' பற்றிய சொல்லாடலும்

1

எம்ஜிபி என்கிற ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி அதன் ரசிகர்கள் எழுதியிருப்பதை வாசித்தால் பெரும்பாலும் ஒரே கதைதான் திரும்பத் திரும்ப வரும். 1962இல் ஓர் அழகான உடல் பிறந்தது. பன்னிரண்டு வருஷம் குரோம் பூச்சு மினுங்க வலம் வந்தது. 1974இல் அமெரிக்கச் சட்டம் குறுக்கே வந்து அதன் முகத்தில் கறுப்பு ரப்பரை அப்பியது. அத்தோடு சரி, எல்லாம் கெட்டுப்போச்சு. மிச்சமிருந்த ஆறு வருஷமும் வீழ்ச்சி, முதுமை, சாவு.

தோற்றம், தூய்மை, களங்கம், வீழ்ச்சி. இந்த நான்கும் எந்த வரிசையில் வரும் என்பது நமக்கு மனப்பாடம். மதங்களின் கதை இப்படித்தான் சொல்லப்படுகிறது. இனங்களின் கதையும் மொழிகளின் கதையும் இப்படித்தான். ஒரு தகரப் பெட்டியின் கதைகூட இதே அச்சில்தான் வார்க்கப்படுகிறது என்றால், அந்த அச்சின் மீது சந்தேகம் கொள்ளத்தான் வேண்டும்.

காரைப் பற்றியெல்லாம் நமக்கு என்ன பேச்சு என்று தோழர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். பணக்காரர்களின் பொம்மைதானே? பொம்மைதான். ஆனால் ரொலான் பார்த் 1957இல் வெளியிட்ட 'தொன்மவியல்கள்' நூலில் சித்ரோயன் டிஎஸ் காருக்கு ஒரு கட்டுரை ஒதுக்கியிருக்கிறார். கார்களை இடைக்காலத்தின் மாபெரும் தேவாலயங்களுக்கு நிகராக வைத்துப் பேசும் கட்டுரை அது. அந்தக் காரில் அவர் கவனித்தது தகடும் தகடும் சந்திக்கும் இடத்தை. தையல் தெரியாத வழவழப்பு, இயேசுவின் தையலற்ற அங்கியைப்போல, தெய்வீகத்தின் குறியாகிறது என்கிறார். தையல் தெரிந்துவிட்டால் அதைப் பூட்டிய மனிதக் கைகளும் தெரிந்துவிடும் என்பது இதற்குள் இருக்கும் விஷயம். பார்த் வழவழப்பை வாசித்தார். இங்கே தையலை வாசிக்கலாம். எம்ஜிபியைப் போலத் தன் தையலை மறைக்க முடியாமல் திண்டாடிய உடல் அதிகம் இல்லை.

2

முதலில் உடலைப் பற்றிச் சில விவரங்கள்.

எம்ஜி என்பது மோரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கம். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஆபிங்டன் என்னும் சிற்றூரில் 1929லிருந்து இந்தக் கார்கள் பூட்டப்பட்டன. 1955இல் வந்த எம்ஜிஏ பழைய முறைப்படி செய்யப்பட்டது: அடியில் கனமான சேஸிஸ், அதன்மேல் சட்டை போட்டதுபோல ஓர் உடல். அதன் இடத்தில் 1962இல் வந்த எம்ஜிபியில் சேஸிஸ் கிடையாது. சிட் எனெவரின் தலைமையில் டான் ஹேட்டர் வரைந்த அந்த உடல் 'மோனோகாக்' வகை. தகடே பாரத்தையும் தாங்கும். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி வடிவத் தகடுதான் காரின் முதுகெலும்பு. கூரையில்லாத காரில் அதை விட்டால் முன்னையும் பின்னையும் இணைக்க வேறொன்றும் இல்லை. அந்தத் தகட்டில் துரு ஏறினால் எலும்பில் துரு ஏறியதாக அர்த்தம். தோல் வேறு, எலும்பு வேறு என்று பிரிக்கமுடியாத உடல் இது.

இதை மறந்துவிடக் கூடாது. ஏனென்றால் சட்டை என்றால் மாற்றிக்கொள்ளலாம். தோலும் எலும்பும் ஒன்றாகிவிட்ட உடலை மாற்ற வேண்டுமானால் தகடுகளை அழுத்தி எடுக்கும் ராட்சத அச்சுகளையே மாற்றியாக வேண்டும். அது பெரும் பணம். அந்த அச்சுகள் ஆபிங்டனில் இல்லவும் இல்லை, ஸ்விண்டனில் இருந்தன. தன் காரின் உடலை உருமாற்றும் கருவி ஆபிங்டன் தொழிலாளியின் கையில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

இனி, 'பன்னிரண்டு வருஷம் மாறாத தூய உடல்' என்ற கூற்றைப் பார்ப்போம். 1965இல் கதவின் கைப்பிடி மாறியது: இழுத்துத் திறந்தது போய் பொத்தானை அழுத்தித் திறப்பது வந்தது. அதே ஆண்டு கூரை வைத்த ஜிடி வந்தது. அந்தக் கூரையின் கோடு இத்தாலியின் பினின்ஃபரினா நிறுவனத்தின் பங்களிப்பு. 1968 மாடலில் அமெரிக்காவுக்குப் போன கார்களின் டேஷ்போர்டு முழுக்க நுரைப்பஞ்சு திணித்த மெத்தையாயிற்று. மோதலில் முகம் போய் இரும்பில் அடிபடக் கூடாது என்பதற்காகச் செய்தது அது. ரசிகர்கள் அதற்கு 'ஆபிங்டன் தலையணை' என்று கேலிப் பெயர் வைத்தார்கள். அடுத்து, கண்ணாடியில் இவ்வளவு பரப்பு துடைக்கப்பட வேண்டும் என்று விதி வந்தது. அகலம் அதிகம் உயரம் குறைவு என்ற அந்தக் கண்ணாடியில் இரண்டு வைப்பர் போதவில்லை. அமெரிக்காவுக்குப் போன திறந்த கார்களில் மூன்று வைப்பர்கள் முளைத்தன. பானெட் முதலில் அலுமினியத்தில் இருந்தது, பிறகு எஃகுக்கு மாறியது.

இவற்றைவிட முக்கியமான மாற்றம் 1969 அக்டோபரில் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பிரிட்டனின் பெரும்பாலான கார்க் கம்பெனிகளை ஒரே குடைக்கீழ்ச் சேர்த்து பிரிட்டிஷ் லேலண்ட் என்ற பூதம் உருவாகியிருந்தது. புதிய முதலாளி தன் வருகையைக் காட்ட விரும்பினார். செங்குத்துக் கம்பிகளோடு பளபளத்த பழைய கிரில் கழற்றப்பட்டது. உள்வாங்கிய ஒரு கறுப்புக் கிரில் அந்த இடத்தில் வந்தது. பக்கவாட்டில் லேலண்ட் சின்னம் ஒட்டப்பட்டது. எந்தச் சட்டமும் இதைக் கேட்கவில்லை. வாங்குகிறவர்கள் முணுமுணுத்தார்கள், 1972 இலையுதிர்காலத்தில் பழைய கிரிலைப்போன்ற குரோம் சட்டம் திரும்பி வந்தது, நடுவில் மட்டும் தேன்கூட்டு வலை.

ஆக, முகத்தை முதலில் மாற்றியது கம்பெனிதான். ஆனால் வீழ்ச்சியின் கதையாடலில் 1969க்குப் பெரிய இடம் இல்லை. முதலாளியின் விருப்பத்தால் முகம் மாறினால் அது 'ஸ்டைல்', 'ஃபேஷன்', மிஞ்சிப்போனால் 'ரசனைக் குறைவு'. சட்டத்தின் பெயரால் மாறினால் அது 'நாசம்'. கவனிக்க வேண்டிய வேறுபாடு இது.

3

சட்டம் எங்கிருந்து வந்தது?

1965இல் ரால்ஃப் நேடர் 'எந்த வேகத்திலும் பாதுகாப்பற்றது' என்ற நூலை வெளியிட்டார். சாலையில் மனிதன் சாவதற்கு ஓட்டுகிறவனின் கவனக்குறைவு மட்டும் காரணமில்லை, காரை வரைந்த விதமும் காரணம் என்பது அவர் வாதம். வடிவழகு பண்ணுகிறவர்களை விசாரிக்க ஒரு தனி அத்தியாயமே வைத்தார். 1966இல் அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1968 ஜனவரி முதல் விதிகள் ஒவ்வொன்றாக அமலுக்கு வந்தன. பஞ்சு மெத்தை, மூன்று வைப்பர், பக்கவாட்டு விளக்கு, தலை சாய்க்கும் திண்டு எல்லாம் அந்த வரிசையில் வந்தவை. 1972 செப்டம்பரில் பம்பர் விதி வந்தது: முன்னால் மணிக்கு 5 மைல், பின்னால் 2½ மைல் வேகத்தில் முட்டினாலும் விளக்கு, எரிபொருள் அமைப்பு, கதவு, ரேடியேட்டர் இவை பழுதின்றி வேலை செய்ய வேண்டும். அடுத்து, பம்பர் தரையிலிருந்து எந்த உயரத்தில் மோதலைத் தாங்க வேண்டும் என்பதும் விதியானது: 16 முதல் 20 அங்குலம்.

இந்தச் சட்டத்தைத் தூக்கித் தலையில் வைத்துக் கொண்டாடவும் வேண்டாம். பஞ்சு மெத்தை மனித முகத்துக்காக வந்தது. பம்பர் விதியில் மனித முகம் அவ்வளவாக இல்லை. 5 மைல் வேகத்தில் யாரும் சாவதில்லை; அந்த வேகத்தில் சாவது ஹெட்லைட். ரிப்பேர்ச் செலவு குறைவதில் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு இருந்த அக்கறை ஒன்றும் ரகசியமல்ல. ரோட்டில் நடந்து போகிறவரின் முழங்கால் அந்த விதியில் எங்குமே இல்லை. 1982இல் ரீகன் ஆட்சி 5 மைலை 2½ ஆகக் குறைத்தது. அதற்கும் செலவுக் கணக்குதான் காரணம் காட்டப்பட்டது. பாதுகாப்பு என்ற சொல்லாடலுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குரல்கள் இருக்கின்றன. மக்கள் இயக்கத்தின் குரல் கொஞ்சம், கணக்குப்பிள்ளையின் குரல் கொஞ்சம்.

ஆபிங்டன் இதை எப்படி எதிர்கொண்டது? 1974 மாடல் அமெரிக்கக் கார்களில், குரோம் பம்பர் அப்படியே இருக்க, அதன்மேல் இரண்டு பெரிய ரப்பர்க் குமிழ்களைப் பூட்டினார்கள். அவற்றுக்கு உடனே ஒரு பட்டப்பெயர் கிடைத்தது: 'சப்ரினா'. 1950களின் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் மார்பளவுக்காகவே முன்னிறுத்தப்பட்ட நோர்மா சைக்ஸ் என்ற நடிகையின் மேடைப் பெயர் அது. அமெரிக்காவில் 1950களின் காடிலாக் பம்பரில் துருத்திய உலோகக் கூம்புகளுக்கு 'டாக்மர்' என்று இன்னொரு தொலைக்காட்சி நடிகையின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். கண்டம் விட்டுக் கண்டம் ஒரே ஜோக். காரின் உடலை வர்ணிக்க ஆண்களிடம் ஒரே ஒரு சொற்களஞ்சியம்தான் இருக்கிறது போலும்: வளைவு, இடுப்பு, மூக்கு, மார்பு. அதனால்தான் அந்த உடல் மாறும்போது அவர்கள் பேசும் மொழி பொறியியல் மொழியாக இருப்பதில்லை. 'கெட்டுப்போனாள்' என்ற மொழியாக இருக்கிறது. 'கன்னித்தன்மை', 'களங்கம்' என்ற சொற்களின் நிழல் இல்லாமல் ரப்பர் பம்பரைத் திட்டுகிற எழுத்தைப் பார்ப்பது கடினம்.

சப்ரினா சில மாதம்தான் ஓடியது. 1974 செப்டம்பரில் முழுக் கறுப்பு மூஞ்சி வந்தது. ரப்பர் என்ற பெயரே தவறு, அது பாலியூரிதேன். உள்ளே எஃகு உத்தரம், வெளியே கறுப்புத் தோல். கிரிலை முழுதாக விழுங்கிவிட்ட மூக்கு. கார் ஏறக்குறைய ஐந்து அங்குலம் நீண்டது. உயர விதிக்காகக் காரையே ஒன்றரை அங்குலம் தூக்கினார்கள். உடலைத் தொடவில்லை, சஸ்பென்ஷனில் கைவைத்து உடலை மேலே ஏற்றி நிறுத்தினார்கள். அதே சமயம் திறந்த காரின் முன்பக்கம் சாய்வைத் தடுக்கும் கம்பியையும் கழற்றிவிட்டார்கள். விளைவு, வளைவில் திரும்பினால் கார் படகுபோலச் சாய்ந்தது. பாதுகாப்பு விதிக்காகச் செய்த வேலை காரை ஓட்டுவதற்கு நம்பிக்கையற்றதாக ஆக்கியது. 1976இல்தான் முன்னும் பின்னும் கம்பி வைத்துச் சரிசெய்தார்கள். தூக்கியதன் கெடுதலைப் போக்கக் கம்பி போதுமென்றால், அதை முதலிலேயே ஏன் வைக்கவில்லை? சட்டம் அந்தக் கம்பியைக் கழற்றச் சொல்லவில்லையே. இங்கேதான் சந்தேகம் வலுக்கிறது.

4

அதே சட்டம், அதே காலம். மற்ற உடல்கள் என்ன ஆயின?

அமெரிக்காவின் கார்வெட் 1973இல் முன்பக்கக் குரோமைக் கைவிட்டு, காரின் நிறத்திலேயே மெத்தென்ற மூக்கு வைத்துக்கொண்டது; 1974இல் பின்பக்கமும் அப்படியே. எங்கே உடல் முடிகிறது, எங்கே பம்பர் தொடங்குகிறது என்று சட்டென்று சொல்லமுடியாது. ஜெர்மனியின் போர்ஷே 911 அதே ஆண்டு வேறு வழியை எடுத்தது. அலுமினிய பம்பரை உடலிலிருந்து சற்றே விலக்கி நிறுத்தி, இடைவெளியில் ஆர்மோனியத் துருத்திபோல ஒரு கறுப்பு மடிப்பு வைத்தது. முட்டினால் பம்பர் உள்ளே போகும், மடிப்பு சுருங்கும். தையலை மறைக்காமல் அதையே ஓர் அங்கமாக்கிய தீர்வு. ஏறக்குறைய பதினைந்து வருஷம் அந்த முகம் நீடித்தது. அதை யாரும் நாசம் என்று சொல்வதில்லை.

இன்னும் கிட்டே ஓர் உதாரணம் இருக்கிறது. பிரிட்டிஷ் லேலண்ட் குடும்பத்துக்குள்ளேயே ட்ரையம்ஃப் டிஆர்7 என்ற ஆப்பு வடிவக் கார் 1975 ஜனவரியில் அமெரிக்காவில் இறங்கியது. விதிகளைக் கணக்கில் கொண்டு முதலிலிருந்தே வரையப்பட்ட உடல் அது. அழகா என்பது வேறு விஷயம். ஆபிங்டனிலும் அப்படி ஒரு புதிய காருக்கான திட்டம் இருந்தது: எஞ்சினை நடுவில் வைத்த ஒரு கார். லேலண்ட் அதை நிறுத்திவிட்டு டிஆர்7க்குப் பணம் போட்டது.

ஆக, சட்டம் கேட்டது ஒரு பலனை. அதை எந்த உருவத்தில் தருவது என்பதைக் கம்பெனி தீர்மானித்தது. அச்சுகளைப் புதுப்பிக்கப் பணம் ஒதுக்கிய இடத்தில் உடல் மாறியது. ஒதுக்காத இடத்தில் பழைய உடலின்மேல் ஏதோ தொங்கவிடப்பட்டது. எம்ஜிபியின் ரப்பரும் எஃகும் சந்திக்கும் அந்தக் கோட்டில் தெரிவது சட்டம் போட்ட காயம் அல்ல; முதலீடு மறுக்கப்பட்டதன் தழும்பு. இன்னொரு சான்றும் உண்டு. பிரிட்டனில் அந்தப் பம்பர் விதியே கிடையாது. ஆனாலும் 1974 இறுதியிலிருந்து பிரிட்டனில் விற்ற கார்களுக்கும் அதே ரப்பர் மூஞ்சி. இரண்டு விதமாகப் பூட்டுவது செலவு என்பதுதான் காரணம். பெரும்பகுதி விற்பனை அமெரிக்காவில் என்கிறபோது, வாங்குகிற நாட்டின் விதி செய்கிற நாட்டின் முகமாகிறது. ஒருகாலத்தில் பாதி உலகத்துக்கு அச்சு வார்த்துக் கொடுத்த தேசத்துக்கு இது நேர்ந்ததில் ஒரு வரலாற்று நையாண்டி உண்டு.

அந்த அச்சுகளில் சில நம் பக்கமும் வந்தவைதான். அம்பாசடர் என்று நாம் அறிந்தது ஆக்ஸ்ஃபோர்டின் மோரிஸ் கார். அதில் நெடுங்காலம் ஓடிய 1489 சிசி எஞ்சினும் எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சினும் ஒரே குடும்பத்து உருப்படிகள். 2014 வரை உத்தர்பாராவில் அந்த உடல் அச்சு மாறாமல் வந்துகொண்டிருந்தது. கிரில் மட்டும் அவ்வப்போது மாறும், 'புது மாடல்' என்பார்கள். மாறாத உடல் என்பதைக் 'காலத்தை வென்ற வடிவம்' என்று புகழ்வதற்கு முன்னால், அச்சுக்குப் பணம் போட மறுத்தது யார் என்று கேட்கும் வழக்கம் நமக்கு வேண்டும்.

ஆபிங்டனின் முடிவு இந்த இடத்திலிருந்து தொடங்குகிறது. 1979 செப்டம்பரில் அந்த ஊர் எம்ஜி அங்கே வந்து 50 ஆண்டு ஆனதைக் கொண்டாடியது. கொண்டாட்டம் முடிந்த கையோடு, செப்டம்பர் 10, திங்கட்கிழமை, அங்கே எம்ஜி உற்பத்தியை நிறுத்தப்போவதாக லேலண்ட் அறிவித்தது. பவுண்டின் மதிப்பு ஏறிவிட்டது, அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு காரிலும் நட்டம் என்றார்கள். பவுண்டு ஏறியது உண்மைதான். ஆனால் பதினேழு வருஷத்துக்கு முந்தைய உடலோடு, விதிகளால் மூச்சுத் திணறி 95 குதிரைத்திறனிலிருந்து 60 சொச்சத்துக்கு இறங்கிய எஞ்சினோடு, விலையை ஏற்ற முடியாத நிலைக்கு அந்தக் காரைக் கொண்டுவந்து நிறுத்தியது யார்? முதலில் உடலைப் புதுப்பிக்க மறுப்பது. பிறகு உடல் பழசாகிவிட்டது என்று அதையே காரணம் காட்டுவது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வேலை இந்தத் தர்க்கத்துக்குள் போயிற்று. ஆலைகள் மூடப்படுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தர்க்கத்தின் முகம் நன்றாகத் தெரியும்.

5

கதை அங்கே முடியவில்லை. இறந்த உடல்களுக்கு இன்னொரு வாழ்வு உண்டு.

கார் பிரியர்கள் மத்தியில் ரப்பர் பம்பர் எம்ஜிபியை வாங்கி அதைக் 'குரோம்' ஆக்குவது ஒரு பெரிய வேலையாக ஆகிவிட்டது. சும்மா கழற்றி மாட்டுகிற வேலையில்லை. குரோம் காரில் சிக்னல் விளக்கு ஹெட்லைட்டுக்குக் கீழே தகட்டில் இருக்கும். ரப்பர் காரில் அது பம்பருக்குள் போய்விட்டது. தகட்டை வெட்ட வேண்டும், ஓட்டையை அடைக்க வேண்டும், டிங்கரிங், பட்டி, பெயின்ட் எல்லாம் ஆக வேண்டும். பிறகு ஒன்றரை அங்குலம் இறக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் 1977இல் பிறந்த கார் 1967இல் பிறந்ததுபோல நிற்கும். இதற்குப் பெயர் 'அசலுக்குத் திரும்புதல்'. அந்தக் கார் ஒருநாளும் குரோமாக இருந்ததில்லை. எந்த அசலுக்கு அது திரும்புகிறது? தனக்கு இல்லாதிருந்த ஓர் இறந்தகாலத்தை நோக்கி அது திரும்பிப்போகிறது.

அசலின் புதிர் இன்னும் ஆழமானது. 1988இல் பழைய அச்சுகளைத் தேடியெடுத்து, பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற அமைப்பு எம்ஜிபியின் முழு உடலையும் புதிதாக அழுத்தி விற்கத் தொடங்கியது. துருப்பிடித்த காரின் எஞ்சினையும் சக்கரத்தையும் எடுத்து இந்தப் புது உடலில் பூட்டலாம். எது அசல்? பழைய உடலா, புது உடலா? போத்ரியார் போலச்செய்தல் பற்றி எழுதியதற்கு இதைவிடக் கச்சிதமான உதாரணம் வேண்டியதில்லை. பெயரைப் பாருங்கள்: 'ஹெரிட்டேஜ்', மரபுரிமை. ஆலை மூடி எட்டு வருஷத்தில் அச்சு மரபுரிமையாகிவிட்டது. ஆட்கள் ஆகவில்லை.

1992இல் அந்த உடலை வைத்தே எம்ஜி ஆர்வி8 என்ற காரை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 2000 கார்கள், பெரும்பகுதி ஜப்பானுக்குப் போயின. அதன் பம்பரைப் பார்க்க வேண்டும். குரோமும் இல்லை, கறுப்பு ரப்பரும் இல்லை. உடலின் நிறத்தில், உடலின் வளைவோடு இழைந்து, தையல் உறுத்தாமல் வடிக்கப்பட்ட பம்பர். மனசு வைத்திருந்தால் 1974இல் செய்திருக்கக் கூடிய வேலை. கார்வெட் அப்போதே செய்து காட்டிய வேலை. 1974இல் அது, கடைசியில் மொத்தம் ஐந்து லட்சத்துக்கும் மேல் உற்பத்தியாகவிருந்த, சாதாரண வருமானக்காரர்களும் கடன் வாங்கி வாங்கக்கூடிய கார். 1992இல் அது விலையுயர்ந்த நினைவுப்பொருள். நினைவுப்பொருளுக்குப் பணம் ஒதுக்க முடிந்திருக்கிறது.

குரோம் பம்பர் அழகில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அழகுதான், 1962ஆம் ஆண்டுப் புகைப்படத்தைப் பார்த்துக் கண் நின்றுபோவது எனக்கும் நடக்கிறது. ஆனால் அந்த அழகைக் காப்பாற்றுகிறேன் என்று ரப்பரைக் கழற்றுகிறவர் கூடவே ஒரு சாட்சியத்தையும் அழிக்கிறார். அந்த மூஞ்சி அசிங்கமாக இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. காரணத்துக்குப் பெயரும் தேதியும் இருக்கின்றன. அதைத் தேய்த்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிட்டால் மிஞ்சுவது ஒரு பொய்: இங்கே எந்தச் சண்டையும் நடக்கவில்லை, எதுவும் மறுக்கப்படவில்லை, யாரும் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை என்ற பொய். வரலாற்றின் அசிங்கத்தை நீக்கிவிட்டு அதன் அழகை மட்டும் வைத்துக்கொள்ளும் ரசனை, ஆலை மூடிய கணக்குக்குப் பின்னாலிருந்து கையெழுத்துப் போடுகிறது.

1980 அக்டோபரில் ஆபிங்டனின் கடைசி எம்ஜிபி வரிசையிலிருந்து இறங்கியது. அதைப் பூட்டிய கைகளுக்கு அடுத்து அங்கே பூட்ட எதுவும் இல்லை. அந்தக் கடைசிக் கார் வெளியே வந்தது ரப்பர் மூஞ்சியோடுதான். அதை அப்படியே விட்டுவைத்திருப்பவர்களே அதை வாசிக்கத் தெரிந்தவர்கள்.